நெபுலாவுக்கு வண்ணம் பூசியவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கழுகு நெபுலா என்ற விண்வெளி மேகத்தின் படத்தையும், அடுத்த வாரம் அப்படத்தைப் பற்றி வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தையும் படித்த பிறகு, இரண்டுக்கும் சேர்த்து ஒரு பதில் எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை. படத்தின் கீழே, ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி கண்ட காட்சி, உள்ளது உள்ளபடி என்று தாங்கள் அச்சிட்டிருந்தீர்கள். வாசகரோ, விண்வெளியில் நிறம் என்று ஒன்றுமே கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டரில் தீட்டியதுதான், படத்தில் தூண்கள் போல எழுந்து நிற்கும் மேகங்களின் வலது ஓரத்தில் ஊதா நிறம் பிதுங்கி நிற்பதே அதற்குச் சாட்சி என்று எழுதியிருந்தார். தாங்கள் போட்ட வரியும் தவறு, அவர் எழுதியதும் தவறு; இரண்டில் அவருடையதுதான் பெரிய தவறு என்பது என் கருத்து.

நான் வானியல் படித்தவன் அல்லன். பதினேழு வயதில் பாளையங்கோட்டையில் ஒரு ஸ்டுடியோவின் இருட்டறையில் தொழில் கற்று, 1996-இல் திருமணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வந்து, சாட்ஸ்வொர்த் பகுதியில் மாமனார் வைத்திருந்த கலர் லேபை அவருக்குப் பின் நடத்தி, டிஜிட்டல் கேமராவும் கைப்பேசியும் வந்து அந்தத் தொழிலைத் தின்று தீர்த்த பிறகு கடையைப் பூட்டியவன். நிறத்தைப் பற்றிப் பேச எனக்கு ஏதேனும் தகுதி உண்டென்றால் அது அந்த முப்பது ஆண்டுகள்தான். வானத்தின் மேல் ஆசை இங்கு வந்த பிறகு ஏற்பட்டது. தெற்கு வானம் அப்படிப்பட்டது.

என் தங்கை மகன் விடுமுறைக்கு வந்தபோது அந்த ஞாயிறு இணைப்பின் அச்சுப் பிரதியையே கொண்டுவந்திருந்தான். நெகட்டிவ் பார்ப்பதற்கென்று வைத்திருந்த பழைய உருப்பெருக்கியை எடுத்து அந்தப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். தூண்களின் பொன்னும் பழுப்பும் அங்கே இல்லை; பின்னணியின் பச்சை கலந்த நீலமும் இல்லை. சயான், மஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளின் புள்ளிகள்தான் சாய்ந்த வரிசைகளாக நின்றன. வாசகர் தம் வீட்டுக் கல்யாணப் படத்தைத் தங்கள் நாளிதழில் போட்டாலும் மணமகளின் பட்டுப் புடவை இதே நான்கு மைகளால்தான் ஆகும், அதற்காக அந்தப் புடவைக்கு நிறமே கிடையாது என்று அவர் சொல்லமாட்டார். ஆகவே, தாளில் தெரியும் நிறம் எங்கிருந்து புறப்பட்டது, எந்தெந்த வழியாக இங்கே வந்து சேர்ந்தது என்பதைத்தான் நாம் விசாரிக்க வேண்டும்.

புறப்பட்ட இடத்திலிருந்தே தொடங்குகிறேன். கேஸ் அடுப்பில் ரசம் பொங்கி வழிவதை எல்லாரும் பார்த்திருப்போம். நீலமாக எரிந்துகொண்டிருந்த தீ, ரசம் பட்ட இடத்தில் சட்டென்று மஞ்சளாகச் சீறி, ஈரம் வற்றியதும் மறுபடி நீலத்துக்குத் திரும்பும். ரசத்தில் போட்ட மஞ்சள்தூளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உப்புப் போட்ட கஞ்சி வழிந்தாலும் அதே மஞ்சள்தான் வரும். உப்பில் உள்ள சோடியம் சூடானால் 589 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியை உமிழும், அது நம் கண்ணுக்கு அந்த மஞ்சளாகத்தான் தெரியும். தீபாவளி மத்தாப்பில் ஸ்ட்ரான்சியம் சிவப்பையும், பேரியம் பச்சையையும், செம்பு நீலத்தையும் தருவது இதே கணக்கில்தான். ஒவ்வொரு தனிமத்துக்கும் தனக்கென்று சில நிறங்கள் உண்டு, அவற்றை அது இன்னொரு தனிமத்துக்கு விட்டுக்கொடுக்காது. இதை 1859-60 ஆண்டுகளில் ஜெர்மனியில் கிர்ச்சாஃபும் புன்சனும் திட்டவட்டமாக நிறுவினார்கள்.

1864 ஆகஸ்ட் 29-ஆம் நாள் இரவு, லண்டனில் தம் வீட்டுத் தோட்டத்தில் தொலைநோக்கி வைத்திருந்த வில்லியம் ஹக்கின்ஸ் என்பவர், அந்தத் தொலைநோக்கியோடு ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் ஒரு நிறமாலைக்கருவியை இணைத்து வடவானில் டிராகன் மண்டலத்தில் உள்ள சிறு நெபுலா ஒன்றைப் பார்த்தார். நெபுலா என்பது தொலைவால் குழம்பிப்போன விண்மீன் கூட்டமாக இருந்தால் வானவில்லைப் போலத் தொடர்ச்சியான நிறப்பட்டை தெரிந்திருக்க வேண்டும். அவர் கண்டது பட்டையை அல்ல, இருட்டில் தனியாக நின்ற பச்சைக் கோட்டை; கூர்ந்து பார்க்கப் பார்க்க அது சில கோடுகளாகப் பிரிந்தது. அடுப்பில் சோடியம் செய்வதைத்தான் அங்கே ஏதோ வாயு செய்துகொண்டிருந்தது. நெபுலாக்களில் ஒரு வகையாவது ஒளிரும் வாயு என்பதற்கு முதல் சான்று, ஆக, ஒரு நிறம்தான். நிறமே இல்லாத இடத்திலிருந்து இந்தச் சான்று எப்படிக் கிடைத்திருக்கும் என்பதை வாசகர் சற்று யோசிக்க வேண்டும்.

நெபுலாவில் பெரும்பங்கு ஹைட்ரஜன். அருகில் மிகச் சூடான இளம் விண்மீன் ஒன்று இருந்து புற ஊதாக் கதிர்களைக் கொட்டும்போது, 91.2 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள கதிர் ஒன்று பட்டால் ஹைட்ரஜன் அணுவின் ஒரே எலெக்ட்ரான் பிய்ந்து போய்விடும். அப்படித் திரியும் எலெக்ட்ரான் பிறகு வேறோர் அணுக்கருவிடம் பிடிபட்டு, மாடியிலிருந்து படிப்படியாக இறங்குவது போல ஆற்றல் நிலைகளில் இறங்கும். இறங்கும் ஒவ்வொரு படிக்கும் ஓர் ஒளித்துணுக்கை விடும். மூன்றாம் படியிலிருந்து இரண்டாம் படிக்கு இறங்கும்போது வருவது 656.3 நானோமீட்டர், நல்ல சிவப்பு. நான்கிலிருந்து இரண்டுக்கு இறங்கினால் 486.1 நானோமீட்டர், பச்சை கலந்த நீலம். இதன் வலு அந்தச் சிவப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இதற்கும் மேலே ஊதா பக்கத்தில் இன்னும் சில கோடுகள் உண்டு. இவை எல்லாம் சேர்ந்து படத்தில் விழும்போது கிடைப்பது ரத்தச் சிவப்பு அல்ல, ரோஜாவை ஒத்த இளஞ்சிவப்பு. மிருகசீரிடத்துக்கும் திருவாதிரைக்கும் அருகே, வேடன் என்ற விண்மீன் மண்டலத்தின் வாளில் உள்ள ஓரியன் நெபுலாவை ஒழுங்காகப் படமெடுத்தால் அதன் வெளிப்புறம் அந்த இளஞ்சிவப்பில்தான் வரும், யாரும் எதையும் பூச வேண்டியதில்லை.

ஹக்கின்ஸ் கண்ட பச்சையின் கதை இன்னும் சுவையானது. 500.7, 495.9 நானோமீட்டரில் நின்ற இரண்டு பச்சைக் கோடுகள் பூமியில் அன்று தெரிந்திருந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. 1868-இல் குண்டூரில் முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்க வந்த பிரெஞ்சு வானியலர் ஜான்சன் முதலானோர் கண்ட ஒரு மஞ்சள் கோடும் இப்படித்தான் எதனோடும் பொருந்தாமல் இருந்து, கடைசியில் ஹீலியம் என்ற புதிய தனிமமாக 1895-இல் பூமியிலேயே கையில் கிடைத்தது. அதே நம்பிக்கையில் பச்சைக் கோடுகளுக்கு உரிய தனிமத்துக்கும் நெபுலியம் என்று பெயர் வைத்துத் தேடினார்கள். தனிம அட்டவணை நிரம்ப நிரம்ப அதற்கு இடமே இல்லாமல் போனது. 1927-இல் ஐரா போவன் என்ற அமெரிக்க இயற்பியலர் கணக்குப் போட்டு, அது நாம் மூச்சு விடும் அதே ஆக்சிஜன்தான், இரண்டு எலெக்ட்ரான்களை இழந்து நிற்கும் ஆக்சிஜன் என்று காட்டினார்.

அப்படியானால் அதைப் பூமியில் ஏன் பார்க்க முடியவில்லை? அந்த நிலைக்கு ஏற்றப்பட்ட ஆக்சிஜன் பச்சை ஒளியை விட்டு இறங்குவதற்குப் பல வினாடிகள் ஆகும். அணுவின் உலகத்தில் ஒரு வினாடி என்பதே யுகம். நம்மைச் சுற்றியுள்ள காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் நெரிகின்றன. அந்த நெரிசலில் அந்த ஆக்சிஜன் ஒளியை விடுவதற்கு முன்பே வேறொன்றோடு முட்டி ஆற்றலை இழந்துவிடும். ஓரியன் நெபுலா போன்ற இடத்தில் அதே கன சென்டிமீட்டருக்குள் சில நூறு முதல் சில ஆயிரம் அணுக்களே உண்டு. அங்கே யாரும் இடிக்கமாட்டார்கள். ஆற அமர ஒளியை விடலாம். படத்தில் பிரகாசமாகத் தெரியும் நெபுலாவை நாம் திரண்ட மேகம் என்று நினைக்கிறோம், அதன் பச்சை நிறமோ அது எவ்வளவு வெறுமையான இடம் என்பதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. முப்பது ஆண்டுகள் நிறத்தோடு மல்லுக்கட்டிய எனக்கு இவ்வளவு தகவலைச் சுமந்து வந்த வேறொரு பச்சையைத் தெரியாது.

நீலத்தின் கதை வேறு. கார்த்திகை மாதத்தில் டர்பனிலிருந்து பார்த்தால் கார்த்திகைப் பெண்கள் அறுவரும் வடக்கே தாழ்வாகத் தெரிவார்கள். நீண்ட நேரம் எடுத்த படங்களில் அவர்களைச் சுற்றி நீலமாக ஒரு துகில் போர்த்தியிருப்பதைக் காணலாம். 1912-இல் அமெரிக்காவின் லோவல் வானாய்வகத்தில் வெஸ்டோ ஸ்லைஃபர் அந்தக் கூட்டத்தில் மெரோப்பி என்ற விண்மீனை ஒட்டிய துகிலின் நிறமாலையை எடுத்தபோது, வாயுவுக்குரிய கோடுகள் எவையும் அதில் இல்லை. அந்த விண்மீனின் ஒளியே அப்படியே திரும்பி வந்திருந்தது. அங்கே இருப்பது தூசு, புகைத்துகள் அளவுக்கு நுண்மையான தூசு. அது சிவப்பைவிட நீலத்தை அதிகமாகச் சிதறடிக்கும். போதாததற்கு அந்த விண்மீன்களே நீல ஒளி மிகுந்தவை. அந்தத் தூசு கார்த்திகைக் கூட்டத்தோடு பிறந்தது அன்று, அந்தக் கூட்டம் போகிற வழியில் குறுக்கிட்ட மேகம் என்பதை இப்போது சொல்கிறார்கள். துகிலுக்குச் சொந்த நிறம் இல்லை என்று வாசகர் வாதாடியிருந்தால் அதையாவது ஒப்புக்கொண்டிருப்பேன்.

இரவல் ஒளி எப்போதும் நீலமாகவே இருக்கும் என்பதுமில்லை. விருச்சிகத்தில் கேட்டை என்று நாம் சொல்லும் செந்நிற விண்மீன் ஜூலை மாத இரவுகளில் இங்கே தலைக்கு மேலே நிற்கும்; அதைச் சூழ்ந்த தூசு அதன் ஒளியை வாங்கி மஞ்சளாக இருக்கும், சற்றுத் தள்ளியுள்ள நீல விண்மீனைச் சுற்றிய தூசு நீலமாகவும், இன்னும் சற்றுத் தள்ளி ஹைட்ரஜன் சிவப்பாகவும், இவற்றுக்கு இடையே ஒளியே புகாத தூசுத் திட்டுகள் கறுப்பாகவும் படத்தில் விழும். கறுப்பைப் பார்க்கத் தொலைநோக்கியும் வேண்டாம். திரிசங்கு என்று நம்மவர்கள் சொல்லும் தென்சிலுவையின் பக்கத்தில் பால்வழியில் ஓர் ஓட்டை விழுந்தது போல் இருக்கும் கரிமூட்டை நெபுலா, ஊருக்கு வெளியே போனால் வெறும் கண்ணுக்கே தெரியும்.

இனித் தங்கள் படக்குறிப்புக்கு வருகிறேன். என் இளைய மகளுக்குப் பதினோரு வயதாக இருந்தபோது, ஈஸ்டர் விடுமுறையில் கரூ வறள்நிலத்தில் உள்ள சதர்லேண்ட் ஊருக்குக் காரில் இரண்டு நாள் பயணம் செய்து போனோம். ஒரு மீட்டர் அகலமுள்ள 91 அறுகோண ஆடிகளைச் சேர்த்துக் கட்டிய பெரிய தொலைநோக்கி 2005 முதல் இயங்குவது அங்கேதான். அந்த வட்டாரத்து இருட்டைக் காப்பாற்ற 2007-இல் இந்த நாடு ஒரு சட்டமே இயற்றியிருக்கிறது. பெரிய தொலைநோக்கியில் யாரும் கண்ணை வைத்துப் பார்ப்பதில்லை. பார்வையாளர்களுக்கென்று வைத்திருக்கும் சிறிய தொலைநோக்கியில், உச்சியில் நின்ற கரினா நெபுலாவைக் காட்டினார்கள். வரிசையில் குளிரில் நடுங்கியபடி காத்திருந்த என் மகள் ஏணியில் ஏறிக் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, கலர் எங்கே?" என்று கேட்டாள். நானும் ஏறிப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் ஊதுவத்திப் புகை போல ஒரு பரப்பு, நடுவே சாவித்துவாரம் போன்ற கறுப்பு இடைவெளி, அதன் அருகே ஈட்டா கரினே என்ற விண்மீன் மட்டும் ஆரஞ்சாக. அவ்வளவுதான். வீட்டுச் சுவரில் நானே பிரிண்ட் போட்டு மாட்டியிருந்த இளஞ்சிவப்புக் கரினாவைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அது எப்பேர்ப்பட்ட ஏமாற்றமாக இருந்திருக்கும்!

வழிகாட்டியாக வந்த பெண்மணி கையில் சிவப்புக் காகிதம் ஒட்டிய டார்ச் வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு விடை கிடைத்துவிட்டது. கறுப்பு வெள்ளைப் படங்களைக் கழுவும் இருட்டறையில் நாங்களும் சிவப்பு விளக்குத்தான் வைத்திருப்போம், ஏனென்றால் புரோமைடு தாளுக்குச் சிவப்பு தெரியாது. அந்த வெளிச்சத்தில் தாளை எவ்வளவு நேரம் வைத்திருந்தாலும் அது கறுக்காது. இருட்டுக்குப் பழகிய நம் கண்ணும் அந்தத் தாளைப் போன்றதுதான். கண்ணுக்குள் நிறம் பிரித்தறியும் கூம்பு அணுக்களுக்கு (இங்கே அணு என்பது உயிரணு) நல்ல வெளிச்சம் வேண்டும். மங்கிய ஒளியில் வேலை செய்பவை கோல் அணுக்கள். அவற்றுக்கு நிறங்களைப் பிரிக்கத் தெரியாது, 507 நானோமீட்டர் அளவில்தான் அவற்றின் கூர்மை உச்சத்தில் இருக்கும், ஹைட்ரஜனின் 656-க்கு வரும்போது அந்தக் கூர்மையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. நெபுலாவின் மிக வலுவான சிவப்பு நம் கண்ணில் விழுந்தும் விழாததாகிவிடுகிறது. ஆக்சிஜனின் பச்சை மட்டும் கோல் அணுக்களின் உச்சத்துக்கு அருகே இருப்பதால் பிழைத்துக்கொள்கிறது. ஓரியன் நெபுலாவின் நடுப்பகுதியைச் சற்றுப் பெரிய தொலைநோக்கியில் பார்க்கும் பலர் லேசான பச்சையைக் கண்டதாகச் சொல்வது இதனால்தான். விண்மீன் ஒரு புள்ளியாகக் குவிந்து விழுவதால் கூம்பு அணுக்களை எழுப்பிவிடும், ஈட்டா கரினே ஆரஞ்சாகத் தெரிந்தது அப்படி.

பக்கத்தில் போய்ப் பார்த்தால் எல்லா நிறமும் தெரியும் என்று ஒரு நம்பிக்கை பலருக்கு உண்டு, எனக்கும் இருந்தது. அதுவும் சரியன்று. நெபுலாவை நெருங்க நெருங்க அது வானத்தில் பெரிதாகும், ஆனால் கண்ணில் விழும் கூடுதல் ஒளி அந்தப் பெரிய பரப்பின் மேல் பரவிவிடுவதால், பரப்பின் ஒவ்வொரு துண்டும் முன்பு இருந்த அதே மங்கலிலேயே இருக்கும். பெரிய தொலைநோக்கியும் கண்ணுக்கு இதைத்தான் செய்கிறது. பெரிதாக்கிக் காட்டும், பரப்பின் வெளிச்சத்தைக் கூட்டித் தராது. கழுகு நெபுலாவின் தூண்கள் 6,500 ஒளியாண்டு தொலைவில் உள்ளன. அவற்றின் வாசலிலேயே கப்பலை நிறுத்தி ஜன்னல் வழியாகப் பார்க்கிறவருக்கும் அநேகமாகச் சாம்பல் புகைதான் தெரியும். ஆகவே "கண்ட காட்சி, உள்ளது உள்ளபடி" என்ற வரியில் உள்ள "கண்ட" என்ற சொல்லுக்குக் கண்ணே இல்லை.

கண்ணால் முடியாததைப் புகைப்படத் தகடு செய்தது, ஏனென்றால் அது ஒளியைச் சேமித்து வைக்கும். இந்த இடத்தில் தொழில் பாசத்தால் ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறேன். கரினா நெபுலாவை 1752-இல் கேப் டவுனிலிருந்து முதலில் குறித்தவர் லக்காய் என்ற பிரெஞ்சுக்காரர். அதற்கு எண்பது ஆண்டுகளுக்குப் பின் 1834 முதல் 1838 வரை அதே ஊரில் குடியிருந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடத்தை அளந்து, அந்த நெபுலாவைக் கையால் வரைந்தவர் ஜான் ஹெர்ஷல். இங்கிலாந்துக்குத் திரும்பியபின், ஹைப்போ என்ற ரசாயனத்தைக் கொண்டு படத்தை நிலைநிறுத்தும் வழியைப் புகைப்படக்காரர்களுக்குக் கொடுத்தவரும், நெகட்டிவ், பாசிட்டிவ் என்ற சொற்களைப் புழக்கத்தில் விட்டவரும் அவர்தான். அவருடைய நெபுலாப் படங்களில் நிறம் இல்லை. 1880-இல் ஹென்றி டிரேப்பர் ஓரியன் நெபுலாவை முதன்முதலில் புகைப்படம் எடுத்தபோதும் நிறம் இல்லை; அன்றைய தகடுகளுக்கும் எங்கள் புரோமைடு தாளைப் போலவே சிவப்பு தெரியாது. இன்றைய டிஜிட்டல் கேமராவிலும் சென்சாருக்கு முன்னால் ஒட்டியிருக்கும் வடிகட்டி ஹைட்ரஜனின் சிவப்பில் பெரும்பகுதியை நிறுத்திவிடுகிறது, மனிதத் தோல் அளவுக்கு மேல் சிவந்து தெரியக்கூடாது என்பது முதலான காரணங்களுக்காக. வானத்தைப் படமெடுக்கும் ஆர்வலர்கள் கேமராவைப் பிரித்து அந்த வடிகட்டியை எடுத்துவிடுவார்கள்.

வண்ணப் படம் என்பதே மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களின் கூட்டு. சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியாகத் தனித்தனியே எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் நிறம் வரும் என்பதை 1861 மே மாதம் லண்டனில் இயற்பியலர் மேக்ஸ்வெல் ஒரு ரிப்பன் துணியின் படத்தைக் கொண்டு காட்டினார். ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகத்தில் வந்து நின்று அப்போது சரியாக ஆறு மாதம் ஆகியிருந்தது. அவருடைய தகட்டுக்கும் சிவப்பு தெரியாதே, பிறகு சிவப்பு எப்படி வந்தது என்று நூறு ஆண்டுகள் கழித்து கோடாக் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். அந்தச் சிவப்புத் துணி புற ஊதாவையும் திருப்பியனுப்பியிருக்கிறது, அன்றைய சிவப்பு வடிகட்டி அதையும் உள்ளே விட்டிருக்கிறது, தகடு பதிவு செய்தது அந்தப் புற ஊதாவைத்தான். கண்ணுக்குத் தெரியாத ஒளிக்குச் சிவப்பு கொடுத்த முதல் ஆள் ஹப்பிள்காரர் அல்லர்.

ஹப்பிள் 1995 ஏப்ரல் 1-ஆம் நாள் அந்தத் தூண்களை எடுத்தபோதும் கேமரா கொடுத்தவை கறுப்பு வெள்ளைப் படங்களே. வானியலர்கள் ஜெஃப் ஹெஸ்டரும் பால் ஸ்கோவனும் மூன்று குறுகிய வடிகட்டிகளைப் பயன்படுத்தினார்கள்: ஒன்று கந்தகத்தின் ஒளியையும், ஒன்று ஹைட்ரஜனையும், ஒன்று ஆக்சிஜனையும் மட்டும் உள்ளே விடும். கந்தகம் 672 நானோமீட்டர் அளவில் சிவப்பு, ஹைட்ரஜன் 656-இல் சிவப்பு; இரண்டையும் உள்ளபடியே போட்டால் இரண்டும் ஒரே சிவப்பாகி, எது எங்கே என்று எந்தக் கண்ணாலும் பிரிக்க முடியாது. ஆகவே அலைநீளம் மிகுந்த கந்தகத்துக்குச் சிவப்பும், நடுவில் உள்ள ஹைட்ரஜனுக்குப் பச்சையும், அலைநீளம் குறைந்த ஆக்சிஜனுக்கு நீலமும் கொடுத்தார்கள். தூண்கள் பொன்னும் பழுப்புமாக, பின்னணி நீலப் பச்சையாக வந்தது இந்த ஏற்பாட்டினால். இரண்டு பேர் ஒரே கட்டையில் சேர்ந்து பாடும்போது குரல்களைப் பிரித்தறிய முடியாமல் ஒருவரை மேல் ஸ்தாயியில் பாடச் சொல்வதைப் போன்றது இது. பாட்டு மாறவில்லை, யார் எங்கே பாடுகிறார் என்பது இப்போது கேட்கிறது. படத்தில் நீலம் மிகுந்த இடத்தில் ஆக்சிஜன் மெய்யாகவே ஒளிர்கிறது. அந்த நீலத்தை அங்கே வைப்பதற்கு யாருக்கும் தூரிகை கொடுக்கப்படவில்லை.

2021 டிசம்பரில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படங்களில் இந்த ஏற்பாடு இன்னும் ஒரு படி மேலே போகிறது. அது பிடிப்பது பெரும்பாலும் அகச்சிவப்பு, நம் கண்ணுக்குக் கொஞ்சமும் எட்டாதது. பாட்டு முழுவதையும் சுருதி உயர்த்தி நம் காதுக்கு எட்டும் கட்டையில் பாடிக் காட்டுகிறார்கள். நீண்ட அலைக்குச் சிவப்பு, குறுகிய அலைக்கு நீலம் என்ற வரிசை மட்டும் குலையாது. இங்கே கார்னார்வன் ஊருக்கு அருகே 64 கிண்ணங்களோடு நிற்கும் மீர்கேட் வானொலித் தொலைநோக்கியின் படங்களுக்கு நிறம் கொடுப்பதும் மனிதரின் தேர்வுதான்.

தேர்வு இருக்கிற இடத்தில் மிகையும் நுழையும் என்பதை நான் மறைக்கப்போவதில்லை. கலர் லேப் நடத்திய காலத்தில், மணப்பெண்ணைக் கொஞ்சம் சிவப்பாக்கிக் கொடுங்கள் என்று கேட்காத கல்யாண வீட்டாரை விரல் விட்டு எண்ணிவிடலாம். மஞ்சள், மஜந்தா வடிகட்டிகளில் நாலு புள்ளி கூட்டிக் குறைத்தால் வேலை முடிந்தது, நானும் செய்து கொடுத்தேன், அது பொய்தான். இணையத்தில் உலவும் நெபுலாப் படங்களில் பலவற்றை அப்படிச் சாயம் ஏற்றியிருப்பதைப் பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிடும்: விண்மீன்கள் எல்லாம் நிறமிழந்து வெள்ளைப் பொட்டுகளாகவும், வாயு மட்டும் பஞ்சுமிட்டாய் நிறத்திலும் இருக்கும். அத்தகையவற்றைக் கண்டு வாசகர் கோபப்பட்டால் நியாயம் உண்டு. ஆனால் எந்த நிறத்துக்கு எந்த வாயு என்று எடுத்தவர்களே எழுதி வைத்திருக்கும் ஒரு படத்தை அந்த மணப்பெண் படத்தோடு சேர்த்து வைக்கக்கூடாது.

எனவே தங்களிடம் நான் வேண்டுவது சிறிய காரியம். இனி இத்தகைய படம் போடும்போது, "உள்ளது உள்ளபடி" என்ற தொடரை எடுத்துவிட்டு, எந்தத் தொலைநோக்கி, எந்த ஆண்டு, எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்ற மூன்றையும் சேருங்கள். கழுகு நெபுலாவுக்கு, "ஹப்பிள், 1995, சிவப்பு கந்தகம், பச்சை ஹைட்ரஜன், நீலம் ஆக்சிஜன்" என்று போட்டால் போதும். தங்கள் நாளிதழின் ஒரு பத்தி அகலத்தில் இரண்டு வரிக்கு மேல் போகாது.

கடைசியாக அந்த ஊதா. உருப்பெருக்கியில் தூண்களின் வலது ஓரத்தை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். அங்கே பின்னணியின் சயான் புள்ளிகள் மேல் மஜந்தா புள்ளிகள் ஏறி நிற்கின்றன. இடது ஓரத்தில் அதே அளவுக்கு மஜந்தா விழாமல் பச்சையாக ஒரு கீற்று இருக்கிறது. பக்கத்தின் மேலே உள்ள நகைக்கடை விளம்பரத்தின் எழுத்துகளுக்கும் வலது பக்கம் அதே ஊதா நிழல். மஜந்தா தகடு ஒரு நூலிழை வலப்பக்கம் விலகி ஓடியிருக்கிறது, ஐயா. தங்கள் அச்சகத்தில் சொல்லிச் சரிசெய்துவிட்டால், வாசகரின் சாட்சி அடுத்த ஞாயிறே காணாமல் போய்விடும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
சாட்ஸ்வொர்த், டர்பன்